பாதிப் பாட்டில்கள்

என் வீட்டுக்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்ததற்கு நான்தான் காரணம். பாசியும் இல்லை, சோப்புத் தண்ணீரும் இல்லை. தேங்காய்ப்பால் கண்டிஷனர். மூடி சரியாக மூடாமல் கவிழ்ந்து கிடந்திருக்கிறது, மனுஷன் அதன்மேல் காலை வைத்துவிட்டார். வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்க அவரை உள்ளே கூட்டிப்போனார்கள். பத்து நிமிஷம் ஆகும் என்றார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? கீழே மருந்துக்கடைக்குப் போய் வெங்காய விதை சீரம் ஒன்று வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவர் உள்ளே வலியில் முனகுகிறார், நான் வெளியே மூடியைத் திறந்து முகர்ந்துகொண்டிருக்கிறேன். இப்படி ஒரு பெண்டாட்டி எந்த ஊரிலாவது உண்டா?

இத்தனைக்கும் என் தலையைப் பார்த்தால் சிரித்துவிடுவீர்கள். ஐம்பத்தேழு வயதில் எலிவால் மாதிரி ஒரு பின்னல். அதற்கு எண்பத்தொரு பாட்டில். ஷாம்பு, கண்டிஷனர், சீரம், செம்பருத்தி எண்ணெய், கரிசலாங்கண்ணி எண்ணெய், வேருக்கு ஒன்று, நுனிக்கு ஒன்று. குளியலறை அலமாரி நிறைந்து, துணி பீரோ நிறைந்து, கடைசியில் அரிசி டிரம்மில் ஒளித்துவைக்கிற அளவுக்குப் போய்விட்டது. ஒரு நாள் சோற்றில் மல்லிகை வாசம் அடித்து அவர் கண்டுபிடித்தார்.

மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் வரும்போது என் கைப்பையைப் பார்த்தார். சீரத்தின் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

"செம்பகம், ஒண்ணு அந்தப் பாட்டிலுக இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன். நீயே முடிவு பண்ணு. நான் ஓசூருக்கு மகன் வீட்டுக்குப் போயிருதேன்" என்றார்.

அன்றைக்கே முடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன்.

அதற்குப் போர்டில் வேறு ஏதோ நீளமான பெயர் எழுதியிருக்கும். ஜனங்கள் வைத்த பெயர் முடிச்சு ஆஸ்பத்திரி. ஐந்தாறு வருஷமாக எங்கள் மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்குச் சமமாக அதுவும் பெருகிவிட்டது. சிகரெட்டை அறுக்கிறவர்கள், நகை ஆசையை அறுக்கிறவர்கள், ராத்திரி பிரியாணியை அறுக்கிறவர்கள் என்று ஒரே கூட்டம். டவுன் பஸ்ஸின் முதுகில்கூட விளம்பரம். எங்கள் மாடி வீட்டு ராஜாமணி பரோட்டாவை அறுத்துவிட்டு வந்தார். இருபது கிலோ இளைத்துவிட்டார், பார்க்க ஜம்மென்று இருக்கிறார். ஆனால் அவர் அண்ணன் ஊரிலிருந்து வந்தால் "வாங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொள்கிறார். சின்ன வயதில் அந்த அண்ணன்தான் கையைப் பிடித்து பரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போவாராம். அவர் சம்சாரம் சொல்லிச் சொல்லி அழுவாள். நான் அப்போது அதைக் குடும்பச் சண்டை என்றுதான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் எனக்கு வாய்த்த டாக்டரம்மா பெயர் ஷர்மிளா பானு. என் மருமகள் வயதுதான் இருக்கும். வீட்டிலிருக்கிற பாட்டில் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். கொட்டிப்போன கண்டிஷனரை எறிந்துவிட்டு, மற்றதையெல்லாம் இரண்டு சாக்கில் கொண்டுபோனேன். வாட்ச்மேன் என்னைப் பழைய சாமான் எடுக்கிறவள் என்று நினைத்துப் பின்வாசலுக்கு வழிகாட்டினான்.

டாக்டரம்மா பாட்டில்களை மேஜையில் வரிசையாக அடுக்கினாள். கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தாள்.

"எல்லாமே பாதியில நிக்குதே, ஏன்மா?"

"அதுக்குள்ள புதுசு வந்துரும்ல, டாக்டர்."

"இல்லம்மா. சும்மா ஆரம்பிச்சு விடுறவங்க பாட்டில்லாம் ஏத்த இறக்கமா நிக்கும். உங்களது அளந்து வச்சாப்ல சரி பாதியில நிக்குது. ஒண்ணுகூடக் கீழ எறங்கல."

அப்போதுதான் நானும் பார்த்தேன். அவர் விழுந்த அன்றைக்கு வாங்கிய சீரத்தைத் தவிர எண்பது பாட்டிலிலும் ஒரே மட்டத்தில் கோடு கிழித்த மாதிரி நின்றது. இத்தனை வருஷமாகக் கண்ணெதிரே இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

என்னைப் படுக்கவைத்துத் தலையில் ஒயர் வைத்த ஒரு தொப்பி மாட்டினார்கள். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஒரு நர்ஸ் ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து மூக்கருகே காட்டுவாள். பதிமூன்று பாட்டில் வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை, எனக்குக் கொட்டாவிதான் வந்தது. பதினான்காவது பச்சை ஆப்பிள் வாசம். அதை முகர்ந்ததும் நான் சிம்மக்கல்லில் இருந்தேன்.

நினைவு வந்தது என்று சொல்ல மாட்டேன். நான் அங்கேயே இருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. சிம்மக்கல்லில் ஒரு பெண்கள் விடுதி, மூன்றாவது மாடி, எனக்கும் பியூலாவுக்கும் சேர்த்து ஓர் அறை. நான் கோவில்பட்டி, அவள் நாசரேத். இரண்டு பேரும் ஒரு டிடிபி சென்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தோம். "நிகழும் மங்களகரமான" என்று நான் அடித்தால், "கர்த்தருடைய பெரிதான கிருபையால்" என்று அவள் அடிப்பாள். மதம் பார்த்து முதலாளி வேலையைப் பிரித்துக் கொடுத்திருந்தார்.

வாரத்துக்கு ஒரு ஷாம்பு பாக்கெட். ஒன்றுதான், இரண்டு பேருக்கும். அதற்கு எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. நான் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிப்பேன். அவள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்காகச் சனிக்கிழமை குளிப்பாள். வெள்ளிக்கிழமை விடியக்காலம் நான் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துத் திறந்து, சரியாகப் பாதி எடுத்துக்கொண்டு, மூலையை மடித்துக் கொண்டை ஊசி குத்தி ஜன்னல் கம்பியில் செருகிவைப்பேன். மறுநாள் அவள் மீதியை எடுத்து, பாக்கெட்டுக்குள் தண்ணீர் விட்டுக் குலுக்கி, ஒரு சொட்டு விடாமல் ஊற்றிக்கொள்வாள். அந்த விடுதித் தண்ணீர் உப்பு, நுரையே வராது. ஆனாலும் சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் எங்கள் அறை முழுக்கப் பச்சை ஆப்பிள் வாசம் இருக்கும். ஆப்பிளை நாங்கள் தின்று பார்த்தது கிடையாது. அந்த வாசம்தான் ஆப்பிள்.

என்ன சந்தோஷமாக இருந்தோம்! அவளுக்கு நல்ல கணீரென்ற குரல். கரண்ட் போனால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து செய்தி வாசிப்பாள். "வணக்கம். இன்று மூன்றாம் மாடி ரசத்தில் பருப்பு காணப்பட்டதாக நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன." மாடியே சிரிக்கும். எல்லோரையும்விட நான் அதிகமாகச் சிரிப்பேன்.

கண்ணைத் திறந்தேன். காதுவரை கண்ணீர் வழிந்திருந்தது.

"என்னம்மா பார்த்தீங்க? எங்களுக்கு மிஷின்ல விளக்கு எரியுறது மட்டும்தான் தெரியும். என்ன ஞாபகம்னு நீங்கதான் சொல்லணும்."

"ஒரு சிநேகிதி" என்றேன். ஷாம்பு பாக்கெட்டைப் பாதி பாதி பங்கு போட்டதை மட்டும் சொன்னேன்.

"இதுலதாம்மா கட்டியிருக்கு. ஆசை தனியா நிக்காது. ஏதாவது ஒரு ஞாபகத்துல முடிச்சுப் போட்டுத் தொங்கிக்கிட்டு இருக்கும். முடிச்ச வெட்டிட்டா ஆசை விழுந்துரும். அப்புறம் கடை வாசல்ல நின்னாக்கூட வாங்கணும்னு தோணாது."

"ஞாபகம் போயிருமா?"

"போகாது. பேரு, ஊரு, வருஷம் எல்லாம் அப்படியே இருக்கும். ஆனா..." கொஞ்சம் தயங்கினாள். "உங்களுக்கு நடந்த மாதிரி இருக்காது. பேப்பர்ல படிச்ச மாதிரி இருக்கும். சந்தோஷமோ வருத்தமோ ஒட்டாது."

மாடி வீட்டு ராஜாமணி பேப்பரை விரிப்பது கண்ணில் வந்து நின்றது.

"ஆசைய மட்டும் தனியா எடுக்க முடியாதா டாக்டர்?"

"ரெண்டும் ஒரே கயிறும்மா. பத்து நாள் டைம் இருக்கு. அடுத்த வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழன் வாங்க. வேணாம்னு தோணினா வர வேண்டியதில்ல. ஆனா வாங்கிக்கிட்டேதான் இருப்பீங்க."

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தேன். அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டும்போதும் அதே யோசனைதான். டாக்டரம்மாவிடம் பாதிதான் சொன்னேன். மீதியை இந்த முப்பத்தேழு வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட.

அந்த வருஷம் ஐப்பசியில் உள்ளூர் கேபிள் டிவியில் செய்தி வாசிக்க ஆள் எடுத்தார்கள். சனிக்கிழமை காலையில் பியூலாவை வரச்சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு ஊரெல்லாம் பந்த். கேபிள்காரர்களுக்கு வேறு வேலை இல்லாததால்தான் அன்றைக்கு வைத்தார்கள். அடுத்த தெரு, நடந்தே போய்விடலாம். வியாழக்கிழமையிலிருந்தே அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெள்ளிக்கிழமை விடியக்காலம் நான் பாக்கெட்டைக் கடித்துத் திறந்தேன். பாதி எடுத்தேன். அப்புறம் மீதியையும் எடுத்துவிட்டேன். ஒரு தடவையாவது முழுப் பாக்கெட் நுரை எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை, அவ்வளவுதான் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் வேறு வாங்கி வைத்துவிடலாம் என்றும் சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் வேலை முடிந்து நான் மட்டும் தனியாக வந்தேன். மறுநாள் பந்த் என்பதால் பெட்டிக்கடை அண்ணாச்சி ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். குனிந்து கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். நான் நின்றேன், பார்த்தேன், நடந்துவிட்டேன்.

பொறாமைதான். வேறு என்ன? அவள் டிவியில் வருவாள், நான் "நிகழும் மங்களகரமான" என்று அடித்துக்கொண்டு கிடப்பேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி அவள் வழக்கம்போலத் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு தூங்கினாள். விடிந்ததும் ஜன்னலைப் பார்த்தாள். "பாக்கெட்ட எங்கட்டி?" என்றாள். "காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு, இப்பத்தான் பார்த்தேன்" என்றேன். நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. அவள் அதைப் பார்த்து என்ன நினைத்தாளோ, என் தோளைத் தட்டி, "விடுட்டி, காக்காவுக்கும் தலைக்குக் குளிக்கணும்லா" என்றாள். பந்த் என்று மாடியில் மற்றவர்கள் முந்தின நாளே ஊருக்குப் போயிருந்தார்கள், கடன் கேட்க ஆளில்லை. துணி சோப்பைப் போட்டுத் தேய்த்துக் குளித்தாள். எண்ணெயும் போகவில்லை, முடியும் தேங்காய் நார் மாதிரி சிலிர்த்துக்கொண்டது. போன வேகத்தில் திரும்பி வந்தாள். குரல் நன்றாக இருக்கிறது, தலைதான் சரியில்லை, கேமராவுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்களாம்.

இரண்டு மாதத்தில் ஊருக்குப் போய்விட்டாள். கல்யாணம் ஆனது. இரண்டு கடிதம் போட்டாள். நான் பதில் போடவில்லை. இப்போதெல்லாம் ஒரு ஆளைத் தேட இரண்டு நிமிஷம் போதும், எனக்கு அது தெரியாமல் இல்லை. தேடினால் கிடைத்துவிடுவாள் என்றுதான் தேடவில்லை.

மூன்றாம் நாள் ஒரு விஷயம் உறைத்தது. வியாழக்கிழமைக்கு அப்புறம் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்க முடியாது. வாயால் கேட்கலாம், ஆனால் நெஞ்சு உறுத்தாது. உறுத்தாமல் கேட்டால் அது என்ன மன்னிப்பு? கேட்பதாக இருந்தால் இந்த ஒரு வாரத்துக்குள் கேட்டாக வேண்டும்.

போன் பண்ணினேன். பாளையங்கோட்டையில் இருந்தாள்.

"பியூலா, நான் செம்பகம் பேசுதேன். சிம்மக்கல் செம்பகம்."

"ஆமா, ஞாபகம் இருக்கு. சொல்லுங்க. நல்லா இருக்கீங்களா?"

இருக்கீங்களா! கோபமாக இருக்கிறாள், நியாயம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

"உங்கள ஒரு தடவ பார்க்கணும்" என்றேன். எனக்கும் "ங்க"தான் வந்தது.

"வாங்களேன். சனிக்கிழமை வீட்டுலதான் இருப்போம்."

வீட்டுக்காரரிடம் சோறு குழம்பு இருக்கிற இடத்தையெல்லாம் சொல்லிவிட்டு, காலையில் பஸ் ஏறினேன். வழியில் பஸ் நின்ற இடத்தில் ஒரு கடையில் புதிதாகக் கற்றாழை ஷாம்பு தொங்கியது. கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

பியூலா கதவைத் திறந்தாள். நரைத்திருந்தாலும் முடி அடர்த்தியாகத்தான் இருந்தது. "வாங்க, பஸ் ஈசியா கெடைச்சுதா?" என்று கேட்டு நாற்காலியைக் காட்டினாள். மின்சார ரீடிங் எடுக்க வந்தவரிடம் பேசுகிற மரியாதை. முகம் கழுவ உள்ளே போனேன். குளியலறைத் தட்டில் ஒரே ஒரு ஷாம்பு பாட்டில். பார்க்கவே பொறாமையாக இருந்தது.

அவள் காப்பி போடப் போனதும் அவள் வீட்டுக்காரர் எட்வின் சார் என் எதிரே வந்து உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்கதான் செம்பகமாம்மா? உங்களத்தான் நான் ரொம்ப நாளா பார்க்கணும்னு நெனச்சேன்."

"என்னையா? எதுக்கு சார்?"

"அவ ஷாம்புவா வாங்கிக் குமிப்பா. எதை வாங்கினாலும் ரெண்டு. ஒண்ணு யாருக்கு பியூலான்னு கேட்டா கோபம் வந்துரும். வீட்டுல நடக்க எடம் இல்ல. நாந்தான் கம்பல் பண்ணி முடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். எட்டு மாசம் ஆச்சு. அங்க வச்சு ஒரு பேரைச் சொல்லி அழுதா. அது உங்க பேரு."

நான் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"இப்ப வாங்கறதே இல்ல. ஆனா பாடறதும் இல்ல. சண்டை போடறதும் இல்ல. சாப்பாட்டுல உப்பு இல்லைன்னு நான் சொன்னா, போட்டுக்கிடுங்கன்னு சொல்லிட்டுப் போயிருதா. முந்தியெல்லாம் அதுக்கு அரைமணி நேரம் கிழிப்பா." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "தப்பு பண்ணிட்டனோன்னு இருக்கும்மா."

பியூலா காப்பியோடு வந்தாள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. யாரிடம் மன்னிப்புக் கேட்பேன்? நான் தப்பு செய்த பியூலா எட்டு மாதத்துக்கு முன்னாலேயே போய்விட்டாள். பேசாமல் காப்பியைக் குடித்துவிட்டு, பழைய சிநேகிதி என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பலாம். அவளுக்கு உறுத்தாது. வியாழக்கிழமைக்கு அப்புறம் எனக்கும் உறுத்தாது. இரண்டு பேருக்கும் நிம்மதி.

அந்த நிம்மதியை நினைத்தபோதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அந்த கேபிள் டிவி செலக்‌ஷன் ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"இருக்கே. காக்கா பாக்கெட்டத் தூக்கிட்டுப் போச்சு. நான் துணி சோப்புப் போட்டுக் குளிச்சேன். கெடைக்கல." பத்திரிகையைப் படிக்கிற மாதிரி சொன்னாள்.

"காக்கா தூக்கல பியூலா. நாந்தான்."

"என்ன?"

"முழுப் பாக்கெட்டையும் வெள்ளிக்கிழமையே நாந்தான் போட்டுக் குளிச்சேன். சாயங்காலம் அண்ணாச்சி கடை தொறந்துதான் இருந்துச்சு. வேணும்னேதான் வாங்கல. நீ டிவில வந்துருவியோன்னு பொறாமை. மறுநாள் காக்கான்னு பொய் சொன்னேன். நீ என்னையே தேத்துன."

பியூலா தம்ளரைக் கீழே வைத்தாள். நெற்றியைச் சுருக்கினாள். அந்த ஆஸ்பத்திரியில் எட்டு மாதத்துக்கு முன்னால் வெட்டியதெல்லாம் அவளுக்கு அதுவரை தெரிந்த கதையைத்தான். இது அவள் காதில் இப்போதுதான் முதல் தடவையாக விழுகிறது.

"நீயா?" என்றாள்.

"ம்."

"நீயாட்டி?"

நான் தலையை ஆட்டினேன்.

"அடி பாதகத்தி!" எழுந்துவிட்டாள். "துணி சோப்புட்டி! துணி சோப்புப் போட்டுத் தேய்ச்சு மூணு நாள் மண்ட எரிஞ்சுது எனக்கு! கேமராக்காரன் என்னப் பார்த்துச் சிரிச்சான்! நீ பக்கத்துல உக்காந்து மூக்கச் சிந்திக்கிட்டு இருந்த, நான் உனக்கு ஆறுதல் சொன்னேன்! வெக்கமா இல்ல? முப்பத்தேழு வருஷம் வாய்ல என்ன வச்சிருந்த, கொழுக்கட்டையா?"

கணீரென்ற அதே குரல். முற்றத்துக்குக் கேட்டிருக்கும், தெருவுக்கே கேட்டிருக்கும். அவள் முகம் சிவந்துவிட்டது. நான் அழுதுகொண்டிருந்தேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு சந்தோஷம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. முப்பத்தேழு வருஷமாக எனக்கு வர வேண்டிய திட்டு வந்துகொண்டிருந்தது. உலகத்துக் கடையையெல்லாம் திறந்து வைத்திருந்தாலும் அந்த நிமிஷம் எனக்கு ஒன்றும் வாங்கத் தோன்றியிருக்காது.

"ரெண்டு கடுதாசி போட்டனே, அதுக்காவது ஒரு பதில் போட்டியாட்டி நீ?" என்று கேட்டு மூச்சு வாங்க நின்றாள். எட்வின் சார் அந்த நேரம் பார்த்து என் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்தார். பெரிய மனுஷன், கண் கலங்கியிருந்தது.

"நல்லாத் திட்டுதால்லாம்மா? வேற ஏதாவது பண்ணியிருக்கீங்களா? இருந்தா அதையும் சொல்லிருங்க" என்று கெஞ்சினார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தேன்.

"பியூலா, ஒனக்கு ஒரு நீலக் குடை இருந்துச்சுல்ல, தொலைஞ்சு போச்சே..."

"ஏட்டி! அதுவும் நீதானா?"